ஸ்கில் பாயிண்ட்டை முதலில் எதில் போடுவது? செவன் டேஸ் டு டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரு மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போகாத வாரங்களில் நாங்கள் நான்கு பேரும் செவன் டேஸ் டு டை என்கிற, ஜாம்பிகள் நடுவே உயிர் பிழைக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாடுவோம். பிடிஎம் லேஅவுட் பிஜியில் இரண்டு பேர், எலக்ட்ரானிக் சிட்டியில் ஒருவன், ஒயிட்ஃபீல்டில் ஒருவன். புதிதாக யார் சேர்ந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் 2024 ஜூலையில் வந்த 1.0 பதிப்பையும், எதையும் மாற்றாத இயல்பான செட்டிங்கையும் வைத்து. பிறகு வரும் அப்டேட்டில் ஒரு பெர்க் (பாயிண்ட் கொடுத்து எடுக்கும் திறன்) வேறு கிளைக்குப் போயிருந்தாலும் எதை முதலில் எடுப்பது என்கிற கணக்கு பெரிதாக மாறாது.

பாயிண்ட் எப்படி வருகிறது, எங்கே போடுகிறோம்? எனக்கு எதுவுமே தெரியாது.

ஒரு லெவல் ஏறினால் ஒரு ஸ்கில் பாயிண்ட். ஆரம்பத்தில் வரும் சின்னச் சின்ன வேலைகளை முடித்தால் கூடுதலாகச் சில கிடைக்கும். மரம் வெட்டினாலும் கல் உடைத்தாலும் சுவரைப் பலப்படுத்தினாலும் எக்ஸ்பி (லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி) வரும், ஜாம்பியை அடித்தால் மட்டும்தான் என்று இல்லை.

பெர்செப்ஷன், ஸ்ட்ரெங்த், ஃபார்ட்டிட்யூட், அஜிலிட்டி, இன்டலெக்ட் என்று ஐந்து அட்ரிபியூட், அதாவது அடிப்படைக் குணங்கள்; ஒவ்வொன்றும் ஒரு கிளை, அதன் கீழே ஒரு வரிசை பெர்க். அட்ரிபியூட் 10 வரை ஏறும், மேலே போகப் போக ஒரு படிக்கே ஒன்றுக்கு மேல் பாயிண்ட் கேட்கும். ஐந்து படி உள்ள பெர்க்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கடைசிப் படி திறக்க அந்த அட்ரிபியூட் 10 ஆக இருக்க வேண்டும். ஆனால் முதல் படி அப்படி இல்லை. அட்ரிபியூட்டைத் தொடாமலேயே பெரும்பாலான பெர்க்குகளின் முதல் படியை ஒரே ஒரு பாயிண்ட் கொடுத்து எடுத்துவிடலாம். புதிதாக வருபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: ஒரே அட்ரிபியூட்டை மளமளவென்று ஏற்றிவிட்டு, கையில் ஒரு பெர்க் கூட இல்லாமல் நிற்பார்கள்.

சரி, முதல் பத்து பாயிண்ட்டை எதில் போடட்டும்?

எந்த பெர்க் நடையைக் குறைக்கிறதோ அதில். ஒரு வீட்டை லூட் பண்ண, அதாவது பொருள் தேடி எடுக்கப் போகிறீர்கள், பாதி அறை பார்ப்பதற்குள் பை நிறைந்துவிடுகிறது, பேஸுக்கு (உங்கள் தங்குமிடத்துக்கு) வந்து கொட்டிவிட்டு மறுபடி போகிறீர்கள். அது இரண்டு நடை. கல் உடைக்கும்போது பத்து அடிக்கு ஒரு தடவை மூச்சு வாங்க நிற்கிறீர்கள், அதுவும் ஒரு நடைக்குச் சமம்தான். தினமும் சில்க் போர்டு சிக்னலைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு நடையின் விலை என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

நான் போடும் வரிசையைச் சொல்கிறேன். ஸ்ட்ரெங்த்தில் மைனர் 69-அர், இது டூலால் அடிக்கும்போது மரம், கல், சுவர் எல்லாம் சீக்கிரம் உடைய வைக்கும். அடுத்து அதே கிளையில் மதர்லோட், உடைத்த பொருளிலிருந்து அதிகமாகக் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரே கல்லிலிருந்து சீக்கிரமாகவும் நிறையவும் வரும், தனித்தனியாக எடுத்தால் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, அதனால் ஜோடியாகவே எடுங்கள். மூன்றாவது பேக் மியூல். பையின் கீழ்ப்பகுதியில் பொருள் வைத்தால் நடை தளர்ந்துபோகிறது இல்லையா, அந்த ஸ்லாட்டுகளை ஒவ்வொன்றாக விடுவிப்பது இந்தப் பெர்க். முதல் இரண்டு படி போதும், அதற்கு மேல் கவசத்தில் பாக்கெட் மாட் (அதே ஸ்லாட்டுகளை விடுவிக்கும் இணைப்பு) போட்டு சமாளிக்கலாம், பாயிண்ட்டை வேறு எங்காவது உபயோகிக்கலாம். நான்காவதாக, டூலும் கம்பும் வீசும்போது ஸ்டாமினா குறைவாகச் செலவாகும் பெர்க், அதுவும் ஸ்ட்ரெங்த்திலேயே இருக்கிறது.

இந்த நான்கில் ஆறு அல்லது ஏழு பாயிண்ட் போகும், நடுவே இரண்டாம் படிக்காக ஸ்ட்ரெங்த்தையும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். மீதியில் ஒன்று லூட்டை வேகமாக்கும் லக்கி லூட்டர், ஒன்று காயத்தை ஆற்றும் ஹீலிங் ஃபேக்டர். அவ்வளவுதான்.

அடிக்கிற பலத்தைக் கூட்டும் பெர்க்கை விட்டுவிட்டீர்களே? முதல் பிளட் மூனில் (ஜாம்பிக் கூட்டம் திரண்டு தாக்க வரும் ராத்திரி) செத்துப்போவோம்.

சாக மாட்டீர்கள். முதல் ஏழு நாளில் அடியின் பலத்தைத் தீர்மானிப்பது கையில் இருக்கும் ஆயுதமும், நீங்கள் நிற்கும் இடமும், தலையில் அடிக்கிறீர்களா என்பதும்தான். ஆயுதப் பெர்க்கில் மூன்று பாயிண்ட் போட்டுவிட்டு மரச்சுவருக்குள் நிற்பவரை விட, அந்த மூன்று பாயிண்ட்டைக் கல் உடைப்பதில் போட்டு காபிள்ஸ்டோன் எனும் கல் சுவருக்குப் பின்னால் நிற்பவர் நிம்மதியாக இருப்பார். நான் இதை இரண்டு விதமாகவும் விளையாடிப் பார்த்திருக்கிறேன். முதல் தடவை ஆயுதப் பெர்க் முழுக்க ஏற்றி, ஏழாம் நாள் ராத்திரி 10 மணிக்குச் சுவர் எல்லாமே மரமாக இருந்தது, விடியற்காலை 4 மணி வரை ஒரு கையில் கம்பும் மறு கையில் ரிப்பேர் சுத்தியலுமாக ஓடினேன். அடுத்த தடவை கல்லுக்கு முன்னுரிமை கொடுத்தேன், அன்று ராத்திரி நிதானமாக நின்று ஈட்டியால் குத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பிளட் மூனுக்கு மேல் கதை வேறு. அப்போது உங்கள் கிளையின் ஆயுதப் பெர்க்கில் கட்டாயம் போட ஆரம்பிக்க வேண்டும்.

எந்த அட்ரிபியூட் நல்லது?

எந்த ஆயுதம் உங்களுக்குக் கை வருகிறதோ அது. அட்ரிபியூட்டை ஏற்றினால் அந்தக் கிளையின் ஆயுதத்தால் தலையில் அடிக்கும் அடி கூடும், அதனால் அட்ரிபியூட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றுதான். கதாயுதம் மாதிரியான கிளப், ஸ்லெட்ஜ் ஹேமர், ஷாட்கன் என்றால் ஸ்ட்ரெங்த். ஈட்டியும் ரைஃபிளும் பெர்செப்ஷன். வெறும் கையும் மெஷின் கன்னும் ஃபார்ட்டிட்யூட். கத்தி, வில், பிஸ்டல் எல்லாம் அஜிலிட்டி. ஸ்டன் பேட்டனும் தானாகச் சுடும் டர்ரெட்டும் இன்டலெக்ட்.

இரண்டு அட்ரிபியூட்டுக்கு மேல் ஒரே சமயத்தில் ஏற்றாதீர்கள். ஐந்தையும் மூன்று மூன்றாக வைத்திருப்பவருக்கு எல்லாம் அரைகுறையாக இருக்கும், முப்பதாவது லெவலில் அதன் வலி தெரியும்.

நாங்கள் நான்கு பேர். எல்லாரும் ஒரே மாதிரி போடலாமா?

வேண்டவே வேண்டாம். இதைத்தான் நான் அதிகமாக வலியுறுத்துவேன், ஏனென்றால் கூட்டாக விளையாடும்போது பாயிண்ட் என்பது நான்கு பேரின் பொதுச் சொத்து. மெஸ்ஸில் நான்கு பேரும் சோறு மட்டும் வடித்தால் குழம்புக்கு எங்கே போவது?

எங்கள் பிரிவினை இப்படி. ஒருவன் ஸ்ட்ரெங்த், சுரங்கமும் கட்டுமானமும் அவன் பொறுப்பு, இரும்பு, நைட்ரேட், நிலக்கரி எல்லாம் அவன்தான் கொண்டு வருவான், மாஸ்டர் செஃப் அந்தக் கிளையில் இருப்பதால் சமையலும் அவன் தலையில். இன்னொருவன் இன்டலெக்ட். ட்ரேடரிடம் (விளையாட்டில் வரும் கடைக்காரர்) பேசுவது, பொருள் வாங்குவது விற்பது, வண்டி செய்வது எல்லாம் அவன். பெட்டர் பார்ட்டர் பெர்க் அவனிடம் இருப்பதால் மற்ற மூன்று பேரும் விற்க வேண்டியதை அவனிடம் கொடுத்துவிடுவோம், தனியாகப் போய் விற்பதை விட டியூக்ஸ் (விளையாட்டின் காசு) அதிகம் வரும். டேரிங் அட்வெஞ்சரர் பெர்க்கும் அவனுக்கே, அது ட்ரேடர் தரும் வேலைக்கான (குவெஸ்ட்) பணத்தைக் கூட்டும், மேல் படி போனால் ஒரு பரிசுக்குப் பதில் இரண்டு பரிசு எடுக்கலாம். மூன்றாமவன் பெர்செப்ஷன்: பூட்டு திறப்பது, லூட், மறைந்திருக்கும் பொருளைக் கண்டுபிடிப்பது. நான்காவதாக நான் ஃபார்ட்டிட்யூட், முன்னால் நின்று அடி வாங்குவேன், தோட்டமும் என்னுடையது.

அஜிலிட்டிக்கு ஆள் இல்லை. நான்கு பேரில் இதனால் எங்களுக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

சண்டை எங்கே வரும் என்றால் முதல் மூன்று நாளில். எல்லாருக்கும் மைனர் பெர்க் வேண்டும் என்று தோன்றும். ஒரு படி எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை, அதற்கு மேல் சுரங்கக்காரனுக்கு மட்டும். கொலைக்கு வரும் எக்ஸ்பி பக்கத்தில் இருக்கும் பார்ட்டி ஆட்களுக்கும் பகிரப்படும், அதனால் பேஸிலேயே உட்கார்ந்து சமைப்பவன் பின்தங்காமல் இருக்க வாரத்துக்கு ஒரு தடவையாவது அவனையும் வெளியே கூட்டிப் போங்கள்.

மேகசின் கிடைத்தால் யார் படிக்க வேண்டும்?

நல்ல கேள்வி, இதில் தப்பு பண்ணினால் பாயிண்ட்டைத் தப்பாகப் போட்டதை விட நஷ்டம் அதிகம். 2023-ல் வந்த ஆல்ஃபா 21 பதிப்பிலிருந்து, எதை எந்தத் தரத்தில் செய்யலாம் என்பது மேகசின் படிப்பதால்தான் ஏறுகிறது. பெர்க்கில் பாயிண்ட் போட்டவுடன் நல்ல கோடாரி செய்ய வந்துவிடாது. ஆனால் ஒரு பெர்க்கில் பாயிண்ட் போட்டால் அதோடு தொடர்புள்ள மேகசின் லூட்டில் வரும் வாய்ப்பு கூடும். அதாவது ஒரு பாயிண்ட்டுக்கு இரண்டு லாபம், பெர்க்கின் பலன் ஒன்று, புத்தகம் ஒன்று.

இதனால் என்ன ஆகிறதென்றால், நான்கு பேரும் நான்கு விதமாகப் போட்டிருந்தால் நான்கு விதமான மேகசினும் வீட்டுக்கு வரும். யார் கண்டெடுத்தாலும் அந்தத் துறைக்காரனிடம் கொடுக்க வேண்டும். பட்டறைகளைத் திறக்கும் ஃபோர்ஜ் அஹெட் மேகசினை நான்கு பேரும் ஆளுக்கு நாலு படித்தால் நால்வருமே பாதி வழியில் நிற்பார்கள். ஒருவனே பதினாறையும் படித்தால் அவன் பட்டறையில் எங்கேயோ போயிருப்பான். நாங்கள் பேஸ் வாசலில் ஒரு பெட்டி வைத்து, வெளியிலிருந்து வருபவர்கள் எல்லா மேகசினையும் அதில் போட்டுவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கண்டெடுத்த சந்தோஷத்தில் அங்கேயே திறந்து படிப்பது ஒரு கெட்ட பழக்கம், சொல்லிச் சொல்லித்தான் போகும்.

எனக்கு வேலை நாளில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதற்கு வரிசை மாறுமா?

மாறும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. இயல்பான செட்டிங்கில் விளையாட்டின் ஒரு நாள் நம்முடைய 60 நிமிடம். ஏழு நாளுக்கு ஒரு பிளட் மூன். தினமும் ஒரு மணி நேரம் விளையாடினால் பிளட் மூன் சரியாக வாரத்துக்கு ஒன்று வரும். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிற மாதிரி ஆரம்பிப்பது ரொம்ப வசதி.

ஒரு மணி நேரத்தில் பகல் வெளிச்சம் 45 நிமிடம்தான், விளையாட்டில் காலை 4 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. அந்த 45 நிமிடத்தில் ஒரு குவெஸ்ட் முடித்து வீடு திரும்ப வேண்டுமென்றால் லூட் வேகமும் பை இடமும் முக்கியம், சுரங்கத்தை ராத்திரி 15 நிமிடத்தில் பேஸுக்கு அடியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆகவே உங்களுக்கு லக்கி லூட்டரையும் பேக் மியூலையும் மைனருக்கு முன்னால் நகர்த்துவேன். மற்றதெல்லாம் அதே வரிசை.

தனியாக விளையாடுகிறேன். எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டுமே?

ஸ்ட்ரெங்த்தை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள், சுரங்கம், சமையல், சுமை மூன்றும் ஒரே கிளையில் வருகிறது. அதோடு இன்டலெக்ட்டில் டேரிங் அட்வெஞ்சரர் ஒரு படி. தனியாக இருப்பவருக்கு ட்ரேடர்தான் கூட்டாளி, நீங்கள் செய்ய முடியாததை அவரிடம் வாங்குகிறீர்கள். முதலில் சேரும் டியூக்ஸில் வாட்டர் ஃபில்டர் வாங்கி டியூ கலெக்டர் (தண்ணீர் சேகரிக்கும் சாதனம்) வைத்துவிடுங்கள், தண்ணீர்க் கவலை போனால் பாதி பாரம் இறங்கும்.

தோட்டம் போடுவதற்குப் பாயிண்ட் செலவு செய்யலாமா?

போடுவதென்றால் பெர்க்கோடு போடுங்கள், இல்லையென்றால் போடாதீர்கள். லிவிங் ஆஃப் த லேண்ட் பெர்க் இல்லாமல் அறுவடை செய்தால் விளைச்சல் குறைவு, விதை திரும்பக் கிடைப்பதும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். புதிய விதை செய்ய ஐந்து காய் வேண்டும். கூட்டிக் கழித்தால் விளைந்தது விதைக்கே போய்விடும், எங்கள் ஊரில் சொல்வதுபோல் உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது. முதல் படி எடுத்தவுடன் கணக்கு லாபத்துக்குத் திரும்பும். முதல் வாரத்தில் வேண்டாம், வேட்டைக் கறியும் லூட்டில் கிடைக்கும் டப்பா உணவும் போதும். பத்தாம் நாளுக்கு மேல் பாருங்கள்.

பாயிண்ட்டைச் செலவு பண்ணாமல் சேர்த்து வைக்கலாமா?

இரண்டு அல்லது மூன்று வரை சரி. அதற்கு மேல் சேர்த்து வைத்தால் அந்த நாட்களில் கிடைக்க வேண்டிய பலன் வீண். ஒரே ஒரு விதிவிலக்கு: இன்னும் இரண்டு லெவலில் ஒரு பெரிய படி திறக்கப்போகிறது என்றால் காத்திருக்கலாம்.

எல்லாவற்றையும் தப்பாகப் போட்டுவிட்டேன். மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா?

என் அக்கா மகன் ஹோசூரில் பத்தாவது படிக்கிறான், லீவுக்கு இங்கே வந்தபோது என் கம்ப்யூட்டரில் விளையாடிவிட்டு, "மாமா, பன்னெண்டு பாயிண்ட்டும் அஜிலிட்டில போட்டுட்டேன், ஆனா எனக்கு வில்லு பிடிக்கல"ன்னு முகம் வாடி உட்கார்ந்திருந்தான். அவனிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். கிராண்ட்பாஸ் ஃபெர்கெட்டின் எலிக்சர் என்று ஒன்று இருக்கிறது, ட்ரேடரிடம் விற்பனைக்கு வரும், குடித்தால் போட்ட பாயிண்ட் எல்லாம் திரும்பக் கையில் வந்துவிடும். படித்த மேகசின் போகாது. விலை அதிகம், எப்போதும் கடையில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது, அதனால் அதைத் தேடி அலையாமல் குவெஸ்ட் செய்துகொண்டே ட்ரேடரின் சரக்கு மாறும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துவையுங்கள்.

அதுவரை கையில் இருக்கும் அஜிலிட்டியை வீணாக்க வேண்டாம். அந்தக் கிளையில்தான் பார்க்கூர் இருக்கிறது, மாடியிலிருந்து குதித்துத் தப்பிக்க அதைவிட நல்ல பெர்க் இல்லை, பதுங்கிப் போய் அடிப்பதும் அங்கேயேதான். அவன் கத்திக்கு மாறினான், இப்போது எலிக்சர் வேண்டாம் என்கிறான்.

செத்தால் பாயிண்ட் போய்விடுமா?

போகாது. லெவலும் இறங்காது. எக்ஸ்பியில் ஒரு கடன் விழும், அதை அடைத்த பிறகுதான் அடுத்த லெவலுக்கு ஏற ஆரம்பிப்பீர்கள்.

வேறு விளையாட்டுகளுக்கும் இதே வரிசைதானா?

நடையைக் குறைப்பது என்கிற எண்ணம் எல்லா இடத்திலும் செல்லும், ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த பால்வேர்ல்டில் ஒரு லெவலுக்கு ஒரு புள்ளி, எடையில் போட்டால் 50 கூடும், ஆரம்பமே 300 தான் என்பதால் முதல் சில புள்ளிகள் அங்கே போவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடிப்பதை, நாம் பிடித்து வளர்க்கும் 'பால்' என்ற பிராணிகள் பார்த்துக்கொள்ளும். ஆர்க் விளையாட்டில் எடையும் உயிரும் மாறி மாறி, ஒவ்வொரு புள்ளிக்கும் 10. அங்கே எல்லா எங்ராமையும் (பொருள் செய்யும் முறை) ஒருவரே கற்க முடியாது, ஆகவே மேலே சொன்ன நான்கு பேர் பிரிவினை அதற்கும் பொருந்தும்.

வால்ஹெய்ம் முற்றிலும் வேறு. அங்கே போடுவதற்குப் புள்ளியே கிடையாது, எதைச் செய்கிறீர்களோ அது ஏறும், ஓடினால் ஓட்டம், வெட்டினால் மரவெட்டு. செத்தால் எல்லாத் திறனிலும் 5 சதவீதம் குறையும், அதனால் அங்கே முதலில் மேம்படுத்த வேண்டியது உங்கள் சாப்பாடும் படுக்கையும்தான். நெருப்புப் பக்கம் கூரைக்குக் கீழே ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பினால் ரெஸ்டட் நிலை வரும், அது இருக்கும் வரை திறன் ஏறும் வேகமும் கூடுதல். ப்ராஜெக்ட் ஸாம்பாய்டில் வேலையைத் தொடங்கும் முன் அதற்கான புத்தகத்தைப் படித்து முடிப்பது முக்கியம், தச்சு வேலையைச் செய்துவிட்டுப் பிறகு புத்தகம் படித்தால் செய்த வேலைக்கான கூடுதல் எக்ஸ்பி திரும்ப வராது.

எங்கள் சர்வரில் இருபதாம் நாள். இப்போது ஒரு நண்பன் புதிதாகச் சேர்கிறான். அவன் எதில் போட வேண்டும்?

மேலே சொன்ன முதல் பத்து வரிசையை அவனுக்குக் கொடுக்காதீர்கள். கல்லும் இரும்பும் ஏற்கெனவே பெட்டி நிறைய இருக்கும், அவன் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை. பிளட் மூனின் கடுமை பார்ட்டியில் உள்ளவர்களைச் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், முதல் லெவல்காரன் உங்கள் அளவுக்கு வரும் கூட்டத்தின் முன்னால் நிற்பான். ஆகவே ஹீலிங் ஃபேக்டரும் ஒரு ஆயுதப் பெர்க்கும் அவனுக்கு முதல் நாளே வேண்டும், கூடவே உங்களிடம் கிடக்கும் நல்ல கவசத்தையும் ஷாட்கன்னையும் கொடுத்துவிடுங்கள். எங்களிடம் போன மாதம் சேர்ந்தவன் அப்படித்தான் ஷாட்கன்னோடு ஸ்ட்ரெங்த்தில் ஆரம்பித்தான், மூன்று ராத்திரியில் பதினைந்தாவது லெவலைத் தாண்டிவிட்டான். அவனுக்கென்று காலியாக இருந்த துறை அஜிலிட்டி, அடுத்த பாயிண்ட்டை அதில் போடலாமா என்று இந்த ஞாயிறு பேச வேண்டும்.